ஆயில் மாற்றும்போது சிந்திய அனுபவம்: உங்களுக்கு எந்த இடத்தில் கை தவறியது?

வாசல்_ஸ்பிளெண்டர்

கார்த்திகைக் கடைசியில் நடந்தது. மாசி வந்தும் மனம் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்பிளெண்டர் பைக், 17 நம்பர் ரிங் ஸ்பேனர், பழைய பிளாஸ்டிக் பேசின். வீட்டு வாசலிலேயே சென்டர் ஸ்டாண்ட் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மேலூரிலிருந்து மதுரைக்கு அப்போதுதான் ஓட்டி வந்திருந்தேன். சூடாக இருந்தால் கசடும் சேர்ந்து இறங்கும் என்பார்களே, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். எஞ்சின் அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் நட்டை ஸ்பேனரால் தளர்த்திவிட்டு, மீதியைக் கையால் திருகினேன். கடைசி மரை விட்டதும் ஆயில் நேராக விரல்மேல் இறங்கியது. கொதிக்கிற ரசத்தில் கையை வைத்த மாதிரி இருந்தது. உதறினேன். புறங்கை பேசின் விளிம்பில் பட, அது ஒருபக்கம் தூக்கிக்கொண்டது. உள்ளே இறங்கியதும் போயிற்று, இனி இறங்க வேண்டியதும் தரையிலேயே இறங்கியது. கிட்டத்தட்ட முக்கால் லிட்டர்.

பனியன் வேஸ்டால் துடைத்தேன், சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தேன். மேலே இருந்தது போனது, சிமெண்ட் குடித்தது போகவில்லை. காலையில் அம்மா வாசல் தெளிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மார்கழி முப்பது நாளும் கோலத்தை ஒரு முழம் இடப்பக்கம் தள்ளிப் போட்டார்கள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆல்ட்டோ_2011

சகோ, உங்களுக்கு முக்கால் லிட்டர். எனக்கு ஆல்ட்டோ காரின் சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருந்த மொத்தமும், அதுவும் புது ஆயில்.

டிரெயின் போல்ட்டில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. புது வாஷர் போட்டேன். பழைய ஃபில்டரைக் கழற்றினேன், புதியதன் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவிக் கையாலேயே இறுக்கினேன். மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக் பார்த்தேன். எல்லாம் சரி. ஸ்டார்ட் செய்துவிட்டு ஆயில் அழுத்தம் காட்டும் சிவப்பு விளக்கு அணைகிறதா என்று மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அணைந்தது. கொஞ்ச நேரத்தில் மீண்டும் எரிந்தது. வெளியே நின்ற மகள், "அப்பா, அடியில ஏதோ ஓடுது" என்றாள்.

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதன்மேல் புது வளையம். இரண்டு ரப்பர் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் ஆயில் பம்ப் கொடுக்கும் அழுத்தத்தைத் தாங்காது, பிதுங்கிவிடும். சாவியை அணைப்பதற்குள் போர்ட்டிகோ முழுக்கத் தேன் நிறத்தில் பளபளவென்று நின்றது. இப்போதெல்லாம் பழைய ஃபில்டரைக் கழற்றினால் முதலில் அதைத் திருப்பி வளையம் அதிலேயே இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். அப்புறம் எஞ்சினில் அது உட்காரும் இடத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பேன்.

திருப்பூர்_புல்லட்

முதலில் எழுதியவருக்கு: ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டா நட்டைக் கழற்றினீர்கள்? அங்கேதான் தவறு. மூடி மூடியே இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் கேனைக் கவிழ்த்தால் காற்று புக வழியில்லாமல் குபுக் குபுக்கென்று மெதுவாக வருமே, அப்படி வரும். நட்டு கையில் பத்திரமாக வந்தபிறகு மூடியைத் திறங்கள்.

என் கதை சின்னது. 350 புல்லட்டில் அடியில் எல்லாவற்றையும் வடித்துவிட்டு, இனி ஒன்றுமில்லை என்று நம்பி வலப்பக்க ஃபில்டர் மூடியின் மூன்று நட்டையும் கழற்றினேன். அந்த அறைக்குள் தனியாக ஆயில் நிற்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எஞ்சின் கேஸ் வழியாக வழிந்து, இன்னும் சூடு ஆறாத சைலன்சர் குழாய் மேல் சொட்டியது. புகை. தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து மனைவி உள்ளேயிருந்து வாளித் தண்ணீரோடு ஓடி வந்தாள். அவள் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது தினசரி காலண்டரின் கிழித்து முடிந்த அட்டையைப் பால் பாக்கெட் கவரால் சுற்றி, ஃபில்டர் மூடிக்குக் கீழே செருகிச் சாய்த்து வைக்கிறேன். ஆயில் அதன் வழியே நேராகத் தட்டுக்குப் போய்விடுகிறது.

பட்டறை_மகன்

புல்லட் அண்ணா சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்ள முடியாது. மூடியை மூடினாலும் எஞ்சினுக்குள் காற்று போக பிரீதர் குழாய் இருக்கிறது, மண்ணெண்ணெய் கேன் மாதிரி இல்லை. கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான். அதை நம்பிக் கவனம் விட்டால் அதே கதைதான்.

அப்பா சின்னப் பட்டறை வைத்திருந்தார். பதினொன்றாவது படிக்கும்போது ஒரு வாடிக்கையாளர் வண்டியின் டிரெயின் நட்டைச் சிந்தாமல் கழற்றிவிட்டேன் என்ற பெருமையில், திரும்ப மாட்டும்போது ஸ்பேனர் பிடியில் குழாய் மாட்டி ஓங்கி இறுக்கினேன். அலுமினிய மரை உருவிக்கொண்டு வந்துவிட்டது. அந்த ஆள் கிளம்பித் தெருமுனை போவதற்குள் சொட்டுச் சொட்டாகக் கோடு. அப்பா மரத்தூள் சாக்கை எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்து குனிந்து தூவிக்கொண்டே நடந்தார். என்னைத் திட்டவில்லை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் ஒரே இடத்தில் தடுமாறுவது தெரிகிறது. ஓட்டி வந்த உடனே கை வைக்காதீர்கள். குளிர்ந்த வண்டியை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் போதும், ஆயில் இளகிவிடும், கையும் பொறுக்கும். நட்டைக் கையால் திருகும்போது உள்பக்கம் அழுத்திக்கொண்டே திருகுங்கள். மரை முழுதாக விட்ட பிறகும் அழுத்தி வைத்திருக்கலாம், ஒரு சொட்டும் வராது. தயாரானதும் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுத்துவிடுங்கள். ஆயில் வரும் பாதையில் மணிக்கட்டு இருக்கக் கூடாது. துளை பக்கவாட்டில் திறந்திருக்கும் வண்டிகளில், முதலில் பாய்வது துளைக்கு நேர்கீழே விழாது, ஒரு சாண் தள்ளி வளைந்து விழும். வேகம் குறையக் குறையத் துளைக்கு அடியில் வந்துவிடும். தட்டையும் அதற்கேற்ப நகர்த்த வேண்டும். கடைசியில் நூல் மாதிரி இறங்கும்போது காற்று அடித்தால் அதுவே ஆடி வெளியே தெளிக்கும், ஆகவே காற்று வரும் பக்கம் ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள்.

பேசினே வேண்டாம். 5 லிட்டர் ஆயில் கேனைப் படுக்கவைத்து மேலே வரும் அகலப் பக்கத்தை வெட்டி எடுங்கள். வண்டிக்கு அடியில் தாழ்வாகப் போகும், ஆயில் விழும்போது நான்கு சுவரும் தெறிப்பைத் தடுக்கும். கேன் மூடி அப்படியே இருப்பதால், பிறகு அதைத் திறந்து புனல் வைத்துப் பழைய டப்பாவுக்குள் சிந்தாமல் ஊற்றலாம். அதன் அடியில் பிரித்த அட்டைப்பெட்டி ஒன்று, வண்டி நீளத்துக்கு.

தென்னந்தோப்பு

எனக்குச் சிந்தினால் கவலை இல்லை. தோப்பில் வைத்துத்தான் மாற்றுவேன். பழைய ஆயிலையும் கரையான் வந்த மரத்தடியில் ஊற்றிவிடுவேன். பல வருடமாக அப்படித்தான்.

மழைநாள்

தோப்புக்காரரே, தயவுசெய்து நிறுத்துங்கள். கரையானைத் தேடி ஊற்றியது வேரோடு நிற்காது, மழையில் கிணற்றுப் பக்கம் இறங்கும். எஞ்சினில் ஓடிய ஆயிலில் உலோகத் துகளும் புற்றுநோய் வரவழைக்கும் சேர்மங்களும் உண்டு. அபாயகரக் கழிவு விதிகள் 2016இலேயே பழைய ஆயில் அடங்கும். 2023இல் திருத்தி, 1 ஏப்ரல் 2024 முதல் ஆயில் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். டப்பாவில் மூடி வைத்து, பழைய ஆயில் சேர்க்கும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள். கான்கிரீட் போடும் சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கேட்பவர்களுக்கும் நான் கொடுப்பதில்லை.

இவ்வளவு கடுமையாக எழுதக் காரணம் உண்டு. ஐப்பசி மழை. எங்கள் சந்தில் யாரோ பைக் ஆயில் மாற்றிவிட்டுச் சிந்தியதை வெறும் தண்ணீர் விட்டுத் தள்ளியிருக்கிறார்கள். அது ரோட்டுக்கு வந்து மழைநீர் மேல் வானவில் நிறத்தில் படர்ந்து கிடந்தது. நான் ஸ்கூட்டரில் மெதுவாகத்தான் திரும்பினேன். முன்சக்கரம் தானாகப் போனது. பின்னால் எட்டு வயது மகன். அவன் யூனிஃபார்ம் சட்டை முதுகில் கறுப்பாக ஒரு கோடு, முழங்கையில் நான்கு தையல். சிந்தினால் தண்ணீர் மட்டும் விடாதீர்கள். மரத்தூளோ உமியோ மணலோ போட்டு, ஊறவிட்டு, கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் அதற்கு அப்புறம்.

தென்னந்தோப்பு

தம்பிக்குக் கை இப்போது எப்படி இருக்கிறது? கிணற்றைப் பற்றி நான் யோசித்ததில்லை. டப்பாவில் சேர்த்து வைக்கிறேன்.

மழைநாள்

ஆறிவிட்டது ஐயா. மழை பெய்தால் மட்டும் ஸ்கூட்டரில் ஏற மாட்டேன் என்கிறான்.

வாசல்_ஸ்பிளெண்டர்

பட்டறை மகன் சொன்னபடி கேனை வெட்டி வைத்துவிட்டேன். அடுத்த தடவை வீட்டுப் பின்பக்கம்தான், வாசலில் இல்லை.

கறைக்குச் சோப்புத் தூளையும் சுண்ணாம்புத் தூளையும் வெந்நீரில் களி மாதிரி குழைத்து அப்பி, இரவு முழுக்க விட்டுச் சுரண்டுகிறேன். மூன்று முறை ஆயிற்று. இன்று காலை அம்மா தெளித்தபோது ஓரங்களில் தண்ணீர் ஒட்டியது. நடுவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் உருள்கிறது. சனிக்கிழமை மறுபடி அப்பப் போகிறேன்.