'ஸ்டெபிலைஸ்டு வுட்' என்பதற்கு 'பிசினூட்டு மரம்'

கத்திக் கலைச்சொற்பட்டியல் குழுவினருக்கு வணக்கம்.

மடக்குக்கத்திப் பிடிக்குப் போடும், உள்ளே பிசின் ஏற்றி இறுக்கிய மரமான 'ஸ்டெபிலைஸ்டு வுட்'டை 'நிலைப்படுத்திய மரம்' என்று சொல்லலாம் என்ற பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. படிக்கிறவர் இந்த மரம் இனி உப்பாது, சுருங்காது, கவனிக்கவே வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்த அளவுக்கு யாரும் உறுதி தர முடியாது. மரத்துக்கு என்ன செய்தார்கள் என்பதைப் பெயர் சொல்லட்டும். 'பிசினூட்டு மரம்' என்பது என் பரிந்துரை.

செய்முறையைப் பாருங்கள். மரத்துண்டை ஈரம் போகக் காயவைத்து, தண்ணீர் மாதிரி ஓடும் அக்ரிலிக் வகைப் பிசினில் அமிழ்த்தி, வாக்குவம் பம்பால் காற்றை உறிஞ்சுகிறார்கள். மரத்தின் துளைகளில் இருக்கும் காற்று குமிழ் குமிழாகக் கிளம்பி வரும். குமிழ் அடங்கியதும் பம்பை நிறுத்திக் காற்றைத் திரும்ப விட்டு ஊறப்போட்டால் காலியான இடத்தில் பிசின் புகுந்துகொள்ளும், அப்புறம் சுமார் 90 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால் உள்ளேயே இறுகிவிடும். ரேஷன் கடையில் 'செறிவூட்டப்பட்ட அரிசி' என்று எழுதியிருப்பதை எல்லாரும் படிக்கிறோம், அதனால் 'ஊட்டு' யாருக்கும் புதிதில்லை.

இதோடு 'ஊட்டு', 'பூச்சு' இரண்டையும் கலைச்சொற்களாகவே பிரித்து வைக்க வேண்டும் என்பேன். உள்ளே போவது ஊட்டு, மேலே நிற்பது பூச்சு. பராமரிப்பே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

வேலூர் வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும், பைக் பெட்டிக்குள் அதைவிட அதிகம், ஐப்பசி கார்த்திகையில் அதே கத்தி ஓதத்தில் கிடக்கும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, குறுக்கேதான் சுருங்கும். அதிலும் வளர்வளையங்களை ஒட்டிய போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிய போக்கில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் சாதாரண மரப்பிடி வெயிலுக்கு வளைந்து, அதன் அடியில் இருக்கும் பித்தளைத் தகட்டை விட்டு ஓரத்தில் எழும்புகிறது. விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் தட்டும். விரிசல் பெரும்பாலும் ரிவிட் துளையில் ஆரம்பித்து இழை போகும் பக்கமே ஓடும். இந்தச் சேதத்தைத்தான் பிசினூட்டல் வெகுவாகக் குறைக்கிறது.

ஆனால் எல்லா மரமும் ஊட்டு ஏற்காது. உளுத்தது, மென்மையானது, முண்டுக்கட்டை (மரத்தில் புடைத்து வளர்ந்த முண்டு) எல்லாம் நன்றாகக் குடிக்கும். கருங்காலியும் ஈட்டியும் இறுக்கமானவை, இயல்பிலேயே எண்ணெயோ பிசினோ நிறைந்தவை, உள்ளே பெரிதாக எதுவும் போகாது. அவற்றைப் 'பிசினூட்டு' என்று விற்றால் நான் நம்பமாட்டேன். எருமைக்கொம்பும் ஊட்டு ஏற்காது. அது நம் நகம் மாதிரி கெரட்டின், ரொம்பக் காய்ந்தால் அடுக்கு அடுக்காகப் பிரியும், பூச்சிகளும் அரிக்கும். அதற்கு மெல்லிய எண்ணெய்ப்பூச்சும் நிழலும் போதும். எலும்பில் துளை உண்டு, ஊட்டலாம். ஊட்டாத எலும்பைத் தண்ணீரில் ஊறவிட்டு வெயிலில் வைக்காதீர்கள். முத்துச்சிப்பி ஓடு சுண்ணாம்புப் பொருள், எலுமிச்சை அறுத்த கையோடு துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மினுமினுப்பு போய்விடும்.

எண்ணெயூட்டல் என்பதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் உலராது, பிசுபிசுத்து அழுக்கு பிடிக்கும், நாறவும் செய்யும். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெட்டியாகும், ஊட்டாத மரப்பிடிக்கு ஏற்றது. துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள், அது தானாகவே தீப்பிடிக்கக்கூடும், விரித்துக் காயவிடுங்கள். பிசினூட்டு மரத்துக்கு இந்த எண்ணெய் வீண், துளைதான் அடைபட்டுவிட்டதே. மெழுகு தேய்த்துத் துடைத்தால் போதும்.

எடுத்துக்காட்டு வாக்கியங்களில் மான்கொம்பும் தந்தமும் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வாங்கி விற்பது குற்றம், நம் சொற்பட்டியலைப் பார்த்து யாரும் தேடிப் போய்விடக் கூடாது.

பிடியின் இரண்டு பக்கமும் வைக்கும் துண்டுகளான 'ஸ்கேல்ஸ்'க்குச் சொல் இன்னும் முடிவாகவில்லை. 'பிடித்தகடு' என்றால் உள்ளிருக்கும் பித்தளைத் தகட்டோடு குழம்பும், 'பிடிக்கட்டை' என்றால் எலும்புக்கும் கொம்புக்கும் பொருந்தாது. 'பிடிவில்லை' எல்லாவற்றுக்கும் சரிவரும் என்று படுகிறது. கத்தி செய்கிறவர்கள் இதற்கு வேறு சொல் வைத்திருந்தால் உடனே எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.