எளிய மொழிக் கவிதை யாருடைய சொத்து: பர்ன்ஸா, வேர்ட்ஸ்வொர்த்தா?

நூலகப்பூனை:
ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு 1798 மனப்பாடம். வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் பெயர் போடாமல் 'லிரிக்கல் பாலட்ஸ்' என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டார்கள், கவிதை சாமானியர் பேச்சுக்கு இறங்கி வந்தது என்பார்கள். ஆனால் அதற்கு 12 வருஷம் முன்னாலேயே, 1786இல், ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் ஒரு குத்தகை விவசாயி தன் கவிதைப் புத்தகத்தை 612 பிரதி அச்சடித்துவிட்டார். விலை 3 ஷில்லிங். அதில் ஒரு கவிதையில், ஏர் ஓட்டும்போது கலைந்துபோன வளையைப் பார்த்து அந்த எலியிடமே வருத்தம் சொல்கிறார் ராபர்ட் பர்ன்ஸ். நம் பாடத்தில் அவருக்கு 'முன்னோடி' என்ற ஒரு சொல், அவ்வளவுதான்.

தேரடி வாசு:
ஏர் ஓட்டிய கதையில் மயங்காதீங்க சார். 'வானம் கற்றுக்கொடுத்த உழவன்' என்ற பட்டத்தை நாவலாசிரியர் ஹென்றி மெக்கன்சி பத்திரிகையில் எழுதிக் கொடுத்தார், எடின்பரோ பெரிய வீடுகள் கொண்டாடின. பர்ன்ஸும் முன்னுரையில் படிக்காதவர் மாதிரிதான் பேசுகிறார். நிஜத்தில் அவர் அப்பா அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து பிள்ளைகளுக்கு வாத்தியார் வைத்தவர். பையன் அலெக்சாண்டர் போப், ஷேக்ஸ்பியர் எல்லாம் படித்தவன். அந்த ஆறடிப் பா வடிவம்கூட அவருக்கு முந்தைய ஸ்காட்லாந்துக் கவிஞர்கள் ராம்சே, ஃபெர்குசன் கையாண்டதுதான். எலிக் கவிதையின் இரண்டாம் பத்தியைப் பாருங்க, சுத்தமான புத்தக ஆங்கிலம்!

நூலகப்பூனை:
அதைத்தான் நானும் சொல்கிறேன். பயந்து ஓடும் எலியைக் கூப்பிடும்போது வீட்டு மொழியான ஸ்காட்ஸ். மனிதன் இயற்கையோடு உள்ள உறவை முறித்துவிட்டான் என்று யோசிக்கும்போது ஆங்கிலம். இரண்டு மொழிக்குள்ளும் குடியிருந்தவர் அப்படித்தான் எழுதுவார். கேம்பிரிட்ஜில் படித்த வேர்ட்ஸ்வொர்த்தோ, நடுத்தர, அடித்தட்டு மக்களின் பேச்சைக் கவிதையில் 'சோதனை' செய்து பார்ப்பதாக முன்குறிப்பு எழுதுகிறார். தன் வீட்டுப் பேச்சை யாராவது சோதனை என்பார்களா?

மாலதி:
மொழியை மட்டும் பார்த்தால் வேர்ட்ஸ்வொர்த் தோற்றுப்போவார், ஒத்துக்கொள்கிறேன். அதே தொகுப்பில் அவர் எழுதிய 'டின்டர்ன் ஆபி' கவிதை எந்தக் குடியானவன் பேச்சு? அவருடைய மொழிக் கொள்கையை 1817இல் கோல்ரிட்ஜே உடைத்துப் போட்டார். ஆனால் குளிருக்கு வேலிக் குச்சி பொறுக்கிப் பிடிபட்ட கிழவியையும், மனவளர்ச்சி குறைந்த மகனை இரவெல்லாம் தேடும் தாயையும் கவிதையின் நடுவில் உட்கார வைத்தார். சம்பவம் உணர்ச்சிக்குப் பெருமை தருவதில்லை, உணர்ச்சிதான் சம்பவத்துக்குப் பெருமை தருகிறது என்று 1800இல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் வாதாடினார். பின்னால் வந்தவர்கள் சண்டை போட அந்த வாதம் தேவைப்பட்டது. பர்ன்ஸ் அப்படி ஒன்று எழுதிவைக்கவில்லை.

தேரடி வாசு:
இன்னொன்று. 'மனிதன் மனிதனே' என்று 1795இல் பாடிய அதே ஆள், 1786இல் ஜமைக்காவில் அடிமைகளை வைத்து நடத்தும் தோட்டத்துக்குக் கணக்கெழுதப் போகத் தயாராக இருந்தார். புத்தகம் விற்றதால் போகவில்லை. சிலை வைப்பவர்கள் இதையும் கல்வெட்டில் போடட்டும்.

நூலகப்பூனை:
வலிக்கிறது, ஆனால் உண்மை. பர்ன்ஸ் ஃபெர்குசனுக்குப் பட்ட கடனைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஃபெர்குசன் 24 வயதில், 1774இல், எடின்பரோ மனநல விடுதியில் இறந்தார். கல்லறைக்குக் கல்கூட இல்லை. அந்த ஊருக்குப் போன பர்ன்ஸ் 1787இல் அனுமதி கேட்டுத் தன் செலவில் கல் வைத்தார். வேர்ட்ஸ்வொர்த் யாருக்கு வைத்தார்?

மாலதி:
பர்ன்ஸுக்கு! 1803இல் டம்ஃபிரீஸ் போய் அவர் கல்லறையில் நின்றார். எளிய உண்மையின்மேல் கவிதை அரியணை கட்டலாம் என்று என் இளமைக்குக் காட்டியவர் இவர் என்று எழுதினார்.

தேரடி வாசு:
அந்தக் கவிதை அச்சில் வந்தது 1842இல், மேடம். 39 வருஷம் பெட்டிக்குள்.

மாலதி:
1816இல் பர்ன்ஸைக் குடிகாரர் என்று எழுதியவர்களுக்குப் பதிலாகத் தனிச் சிறுநூலே போட்டாரே, அது பெட்டிக்குள்ளா இருந்தது?

நூலகப்பூனை:
அந்தச் சிறுநூலை நான் படித்ததில்லை. படித்துவிட்டு வருகிறேன். அதுவரை 12 வருஷம் 12 வருஷம்தான்.