செயலி மூடப்பட்டால் அதிலுள்ள குறிப்புகள் என்னவாகும்?

நன்செய் எழுதியது:

எங்கள் குடும்பத்துக்கு மன்னார்குடிப் பக்கம் சிறிது நிலம் இருக்கிறது. விதை விட்ட நாள், நடவு நாள், உரத்துக்கும் ஆள்கூலிக்கும் ஆன செலவு, வீட்டு மழைமானியில் அளந்த மழை, பயிரில் நோய் கண்டபோது எடுத்த படங்கள், பழைய நெல் வகைகளைப் பற்றி என் தாயார் சொல்லச் சொல்லப் பதிவு செய்த குரல் ஆகிய எல்லாவற்றையும் பல ஆண்டுகளாகக் கைபேசியில் ஒரே குறிப்பேட்டுச் செயலியில் சேர்த்து வருகிறேன். அதை நடத்துவோர் சேவையை நிறுத்தப் போவதாக இப்போது அறிவித்திருக்கிறார்கள். செயலிக்குள் ‘ஏற்றுமதி’ என்ற வசதி இருக்கிறது. பிடிஎஃப், சிஎஸ்வி, ஜேசான் என்று மூன்று வடிவங்களை அது காட்டுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? ஆண்ட்ராய்டு கைபேசி முழுவதற்கும் கூகுள் கணக்கில் காப்புநகல் எடுத்து வைத்திருக்கிறேனே, அது போதாதா?

இதனுடன் இன்னொரு கேள்வியும் உண்டு. 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் என் தந்தையார் மேசைக்கணினியில் தட்டச்சு செய்து வைத்த சாகுபடிக் கணக்குகள் ஒரு குறுந்தகட்டில் இருக்கின்றன. திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் மட்டுமே தெரிகின்றன. அவற்றை மீட்க முடியுமா? இனி எந்தச் செயலிக்கு மாறுவது நல்லது?

பழங்கணினி எழுதியது:

முதலில் காப்புநகலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் நம்பி ஏமாறும் இடம் அதுதான். ஆண்ட்ராய்டின் தானியங்கிக் காப்புநகல் ஒரு செயலிக்கு 25 எம்பி வரை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். தன் தரவைச் சேர்க்க வேண்டாம் என்று செயலியை எழுதியவரே தடுத்துவிடவும் முடியும். உங்கள் படங்களும் குரல்பதிவுகளும் அந்த அளவுக்குள் அடங்கியிருக்க வாய்ப்பே இல்லை. அடங்கியிருந்தாலும், அந்தக் காப்புநகல் அதே செயலியை மீண்டும் நிறுவும்போது அதற்குள்தான் திரும்பிச் செல்லுமே தவிர, உங்கள் கையில் கோப்பாக வராது. கடையிலிருந்து செயலி மறைந்துபோனபின் அது திரும்பிச் செல்ல இடமில்லை. ஆகவே உங்களுக்கு வேண்டியது காப்புநகல் அன்று, ஏற்றுமதி.

மூன்று வடிவங்களிலும் எடுங்கள். பிடிஎஃப் படிப்பதற்கு வசதியானது. ஆனால் அதிலிருந்து மழை அளவையும் கூலிக் கணக்கையும் மீண்டும் எண்களாகப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அட்டவணையை எளிய உரையாக வைக்கும் சிஎஸ்வி அந்த எண்களுக்கு உரியது. எந்தப் படம் எந்தக் குறிப்பைச் சேர்ந்தது, எது எப்போது எழுதப்பட்டது என்ற தொடர்புகள் பெரும்பாலும் ஒவ்வொரு விவரத்தையும் பெயரிட்டு அடுக்கி வைக்கும் ஜேசானில்தான் முழுமையாகத் தங்கும். எடுத்தவற்றை ஒரு கணினிக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, குரல்பதிவுகள் உண்மையாகவே ஒலிக்கின்றனவா என்று கேட்டபின் அல்லாமல் செயலியை நீக்காதீர்கள். நீக்கிய அந்தக் கணமே ஆண்ட்ராய்டு அச்செயலியின் தனிச் சேமிப்பிடத்தையும் சேர்த்து அழித்துவிடும்.

உங்கள் நிலைமைக்குக் காரணம் அந்த ஒரு நிறுவனம் மட்டும் அன்று என்பதால் இதையும் எழுதத் தோன்றுகிறது. டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் என்னும் விரிதாள் மென்பொருள் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. சிறு வணிகர்களும் கணக்காளர்களும் தங்கள் மேசைக்கென்று ஒரு கணினி வாங்கக் காரணமாக இருந்தவற்றுள் அது முதன்மையானது. 1981இல் ஐபிஎம் பிசிக்கென வந்த அதன் பதிப்பை இன்றும் பழைய கணினியைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் இயக்க முடிகிறது. 30 கிலோபைட்டுக்கும் குறைவான அந்த நிரல் தயங்காமல் கூட்டல் போடுகிறது. கைபேசிச் செயலிகளின் கதை வேறு. ஐபோனின் செயலிக் கடை திறக்கப்பட்டது 2008 ஜூலையில். முதல் சில ஆண்டுகளில் வெளியான செயலிகள் அனைத்தும் 32 பிட் என்னும் பழைய செயலக அமைப்புக்கு எழுதப்பட்டவை. 2017இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 வந்தபோது, புதுப்பிக்கப்படாத 32 பிட் செயலிகள் எல்லாம் அதற்கு மாறிய கைபேசிகளில் ஒரே நாளில் திறக்காமல் போயின. நிரலின் ஆயுள் இவ்வளவு நிலையற்றதாக இருப்பதால்தான், நிரலைச் சாராமல் நிற்கும் கோப்புக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன். தன் கணக்கைத் தானே ஒரு கோப்பாகச் சேமித்து, தான் விரும்பிய வேறொரு மென்பொருளில் திறக்கலாம் என்ற உரிமையே கணினியைத் தனிமனிதரின் உடைமையாக்கியது என்று உறுதியாக நம்புகிறேன்.

பல தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது நினைவிருக்கலாம். அதன் வாசகர்கள் வருந்தினார்களே தவிர, தாங்கள் தொடர்ந்து படித்து வந்த தளங்களின் பட்டியலை இழக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பட்டியல் ஓபிஎம்எல் என்னும் பொதுவடிவில் வெளியே வந்தது. அதே வேலையைச் செய்யும் வேறு செயலிகள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டன. சேவை மூடப்படுவதைப் பயனரால் தடுக்க முடியாது. பொருள் வெளியே வருவதற்கு வாசல் இருக்கிறதா என்பதைச் சேரும் நாளிலேயே பார்த்துக்கொள்ள முடியும்.

எழுத்துரு எழுதியது:

உங்கள் தந்தையாரின் கோப்புகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவை பழுதாகவில்லை, பெரும்பாலும் முழுமையாகவே மீட்டுவிடலாம்.

அந்தக் காலத்தில் விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு, உலகின் எல்லா எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறிமுறையாகிய யூனிகோடில் தமிழைக் காட்டத் தொடங்கியிருந்தது என்றாலும், அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் புழங்கிய பேஜ்மேக்கர் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்களுக்கு யூனிகோடு தெரியாது. ஆகவே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த எழுத்துருக்களே ஊரெங்கும் பயன்பட்டன. பாமினி அவற்றுள் பரவலான ஒன்று. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகத் தெரியும். உங்கள் கோப்புகளில் அரைப்புள்ளிகள் நிறைந்திருந்தால், அது பாமினியாகவே இருக்கக்கூடும். அங்கே அரைப்புள்ளி என்பது மெய்யின் மேலிருக்கும் புள்ளி. வேர்டு கோப்பாக இருந்தால் எழுத்துருவின் பெயரே கோப்புக்குள் பதிந்திருக்கும், எழுத்துருப் பெட்டியில் பார்த்துவிடலாம்.

எழுத்துருவை நிறுவினால் உடனே படிக்க முடியும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் அந்த உரையில் தேட முடியாது, கைபேசியிலும் படிக்க முடியாது. யூனிகோடுக்கு மாற்றுவதே நிலையான வழி. நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டர் பாமினி, டிஸ்கி, டாப், டாம் முதலிய பல குறிமுறைகளை அறியும். மாற்றும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ‘கொ’ என்பதைப் பாமினியில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டச்சு செய்திருப்பார்; யூனிகோடில் ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால். நல்ல மாற்றி இதைச் சரியாக இடம் மாற்றிவிடும், எனினும் வரி முறியும் இடங்களில் தவறு நேரலாம். அடுத்து, கோப்பின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால், உதாரணமாக உரத்தின் பெயரோ வங்கியின் பெயரோ இருந்தால், மாற்றி அவற்றையும் தமிழென்று எண்ணிப் பொருளற்ற எழுத்துகளாக்கிவிடும். அவற்றை முதலில் தனியே குறித்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்புகளை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் இந்தப் பாதையைக் கடந்தவையே. யூனிகோடுக்கு முந்தைய குறிமுறைகளில் உள்ளிடப்பட்ட இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் பின்னர் யூனிகோடுக்குக் கொண்டுவந்தார்கள்; அதனால்தான் இன்று ஒரு சங்கப் பாடலின் வரியைக் கைபேசியிலேயே தேடி எடுக்க முடிகிறது. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் குறிமுறைகளை ஏற்றது. 2010இல் யூனிகோடையும் டேஸ் 16 என்னும் குறிமுறையையும் ஏற்றது. இடைப்பட்ட அந்தப் பத்தாண்டில் தட்டச்சான வீட்டுக் கணக்குகளும் கடிதங்களும் எத்தனை வீடுகளில் திறக்கப்படாமல் கிடக்கின்றன என்று நினைத்தால் உண்மையாகவே மனம் வலிக்கிறது. குறுந்தகடுகளும் காலப்போக்கில் கெடுபவை, ஆகவே இதைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்யுங்கள்.

உள்ளங்கை எழுதியது:

பழங்கணினி ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் கைபேசிச் செயலிகளுக்காகச் சிறிது பேச வேண்டும். ஒவ்வொரு செயலியும் தன் தரவைத் தன் எல்லைக்குள் பூட்டி வைப்பதற்கு நல்ல காரணம் உண்டு. பழைய கணினிகளில் எந்த நிரலும் எந்தக் கோப்பையும் படிக்கலாம், அழிக்கலாம். நச்சுநிரல்கள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். கைபேசியில் ஒரு விளையாட்டுச் செயலி உங்கள் வங்கிச் செயலியின் கோப்புகளைத் தொட முடியாமல் இருப்பது இந்தப் பூட்டினால்தான். அதோடு, கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் தமிழில் பேசினாலே எழுத்தாகும் வசதி 2017இல் வந்தபின், விசைப்பலகையைத் தொட்டறியாத எத்தனையோ பேர் முதன்முறையாகத் தங்கள் குறிப்புகளைப் பதியத் தொடங்கினார்கள். வயலில் நின்றபடி, சேறு படிந்த கையோடு மேசைக்கணினியில் யாரும் குறிப்பெடுத்திருக்க முடியாது. ஆகவே கைபேசியை விட்டுவிட வேண்டியதில்லை. வெளியே வர வழிவிடும் செயலியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

உங்கள் தேவைக்கு ஒரே செயலியைத் தேடாதீர்கள் என்பதே என் கருத்து. மழை அளவும் செலவும் ஒரு விரிதாளில் இருக்கட்டும். எழுத்துக் குறிப்புகளுக்கு ஜாப்ளின் அல்லது ஆப்சிடியன் பொருந்தும். ஆப்சிடியன் திறமூல மென்பொருள் அன்று, அதாவது அதன் நிரலை எவரும் எடுத்துத் தொடர முடியாது, ஆனால் ஒவ்வொரு குறிப்பையும் மார்க்டவுன் என்னும் எளிய உரைக்கோப்பாகவே உங்கள் கோப்புறையில் வைக்கிறது. நாளை அது இல்லாமல் போனாலும் எந்த உரைத்திருத்தியும் அவற்றைத் திறக்கும். ஜாப்ளின் திறமூலச் செயலி; குறிப்புகளைத் தரவுத்தளத்துக்குள் வைத்தாலும் மார்க்டவுனாக வெளியே தருகிறது. படங்களையும் குரல்பதிவுகளையும் ஆண்டும் பருவமும் இட்ட கோப்புறைகளில் வையுங்கள். குறுவை, சம்பா என்று பிரித்தாலே பின்னால் தேடுவது எளிதாகிவிடும். அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பிச் சேமிக்காதீர்கள், ஏனென்றால் அது படத்தைச் சுருக்குவதோடு, எடுத்த நாள், இடம் ஆகிய தகவல்களையும் நீக்கிவிடுகிறது.

கைபேசிக்கும் கணினிக்கும் இடையே கோப்புறைகளை ஒத்திசைக்க சிங்க்திங் நல்லது. அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டுச் செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. ஆனால் திறமூலம் என்பதால் கிளைப் பதிப்பு ஒன்றை வேறு தன்னார்வலர்கள் தொடர்ந்தார்கள். ஒத்திசைத்த கோப்புகள் எல்லாம் சாதாரணக் கோப்புகள் என்பதால் அவற்றுக்கு எந்தப் பாதிப்பும் நேரவில்லை.

சட்டத்தையும் நாம் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடப்பில் இருக்கும் ஜிடிபிஆர் சட்டத்தின் 20ஆம் பிரிவு, தன் தரவைக் கணினி படிக்கக்கூடிய வடிவில் பெற்று வேறிடத்துக்கு எடுத்துச்செல்லும் உரிமையைப் பயனருக்குத் தருகிறது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் இருந்த அந்த உரிமை, 2023இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெறவில்லை. செயலியை நடத்துவோர் நல்லெண்ணத்தோடு ஏற்றுமதி வசதி வைத்தால்தான் நமக்கு உண்டு என்ற நிலை, கோடிக்கணக்கானோர் கைபேசியை மட்டுமே கணினியாகக் கொண்டிருக்கும் நாட்டுக்கு ஏற்றதன்று.

நன்செய் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. தந்தையாரின் கோப்புகள் பாமினியில் இருப்பது உறுதியாயிற்று. அரைப்புள்ளிகள் நிறையவே இருக்கின்றன. செயலியிலிருந்து மூன்று வடிவங்களிலும் எடுத்துவிட்டேன், குரல்பதிவுகள் எல்லாம் ஒலிக்கின்றன. சிஎஸ்வி கோப்பில்தான் இரண்டு சிக்கல்கள். எக்செல்லில் திறந்தால் தமிழ்ச் சொற்கள் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. நாள்களும் குழம்பியிருக்கின்றன: ஜூன் 3 நடவு என்று நான் எழுதியது மார்ச் 6 ஆகியிருக்கிறது, மாதக் கடைசியில் எழுதியவை நாளாகவே கொள்ளப்படாமல் வெறும் எழுத்தாக நிற்கின்றன. ஏற்றுமதியே தவறாகிவிட்டதா?

பழங்கணினி எழுதியது:

ஏற்றுமதி சரியாகவே இருக்கும். திறந்த முறைதான் பொருந்தவில்லை. எக்செல்லில் எதையும் சேமிக்காமல் மூடிவிடுங்கள், சேமித்தால் அந்தக் குழப்பம் கோப்பிலேயே பதிந்துவிடும்.

யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டு இடம் கொள்கிறது. இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது எக்செல் பல வேளைகளில் இதை உணராமல், அந்த மூன்றையும் தனித்தனி எழுத்துகளாகக் காட்டிவிடுகிறது. லிப்ரே ஆபிஸ் கால்க்கில் திறந்தால் முதலிலேயே ஓர் இறக்குமதிப் பெட்டி வரும். அதில் குறிமுறையாக யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள், தமிழ் சரியாகத் தெரியும். நாள் பிரச்சினைக்கும் அதே பெட்டியில் தீர்வு இருக்கிறது. உங்கள் கணினி அமெரிக்க முறைப்படி மாதத்தை முதலில் வைத்துப் படிக்கிறது. 12க்கு மேற்பட்ட எண் மாதமாக இருக்க முடியாது என்பதால் 12ஆம் நாளுக்குப் பிந்தையவை எழுத்தாக நின்றுவிட்டன. பெட்டியின் கீழ்ப்பகுதியில் நாள் இருக்கும் பத்தியைச் சொடுக்கி, அதன் வகையை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசைக்கு மாற்றியபின் திறந்தால் ஜூன் 3 மீண்டும் ஜூன் 3 ஆகிவிடும்.

திறந்ததும் அந்தப் பத்தியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2021-06-03 என்பது போலத் தோன்றுமாறு அமைத்து, புதிய பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். படக் கோப்புகளின் பெயரையும் இதே வரிசையில் தொடங்குங்கள். அகரவரிசைப்படி அடுக்கினாலே அவை காலவரிசையில் நிற்கும், எந்த நாட்டுக் கணினியும் மாதத்தையும் நாளையும் மாற்றிப் படிக்காது. ஜேசான் கோப்பு படங்களைப் பழைய பெயரால்தான் குறிக்கும் என்பதால், பெயர் மாற்றும் வேலையைப் படங்களின் ஒரு நகலில் மட்டும் செய்யுங்கள். மூலத்தொகுதி ஜேசானுடன் ஒரே கோப்புறையில் அப்படியே இருக்கட்டும்.