கலாபகஸ் சின்னக் கப்பல் பயணம்: நைனாவோடு முதல் நாள்

ராயபுரத்திலிருந்து:

நாங்கள் கலாபகஸ் தீவுகளுக்குப் போய் வந்ததைப் பற்றி ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீர்கள். முதல் நாளை மட்டும் எழுதுகிறேன், எனக்கு நெஞ்சில் அழுத்தமாகப் பதிந்தது அதுதான். ஹூஸ்டனில் இருக்கும் தம்பிதான் நைனாவையும் என்னையும் கூட்டிப் போனான். நைனா காசிமேட்டில் காலமெல்லாம் விசைப்படகு ஓட்டியவர். மீன் பிடிக்காமல், சும்மா பார்ப்பதற்காக அவர் கடலுக்குப் போனது இதுதான் முதல் தடவை.

தென் அமெரிக்காவில் இருக்கும் ஈக்வடார் நாட்டின் கரையிலிருந்து மேற்கே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன இந்தத் தீவுகள். அந்நாட்டுத் தலைநகர் கீட்டோவின் ஏர்போர்ட்டிலேயே பையைத் திறந்து சோதித்தார்கள். பழம், விதை, செடி எதுவும் உள்ளே போகக் கூடாது. பால்ட்ரா தீவில் இறங்கி படகுத்துறைக்கு வந்தால், பயணிகள் உட்காரும் பெஞ்சில் ஒரு கடல் சிங்கம் நீட்டிப் படுத்துத் தூங்குகிறது. அதை யாரும் எழுப்பவில்லை. நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டோம்.

கப்பலில் பயணிகள் 16 பேர்தான். ஒரு வழிகாட்டி அதற்கு மேல் ஆட்களைத் தீவில் கூட்டிப் போகக் கூடாது என்பது அங்கே சட்டம். லைஃப் ஜாக்கெட் பயிற்சி, சாப்பாடு முடிந்ததும் ரப்பர் படகில் ஏறினோம். உள்ளங்கையைப் பிடிக்காமல், ஒருவர் முன்கையை இன்னொருவர் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கை ஈரமாக இருந்தாலும் பிடி வழுக்காது. “நம்மூர்லயும் இப்டித்தான் புடிச்சி ஏத்துவோம்” என்று நைனாவுக்கு ஒரே சந்தோஷம்.

மத்தியானம் போனது வடக்கு சீமூர். தட்டையான, வறண்ட தீவு. பாறையில் கால் வைத்து ஏறி நாலு எட்டு நடந்தால், பாதை ஓரத்திலேயே நீலக்கால் பூபி என்ற கடல்பறவை முட்டையோடு உட்கார்ந்திருக்கிறது. கூடு என்று ஒன்றும் கிடையாது. வெறும் மண், சுற்றிலும் அதன் எச்சத்தால் ஒரு வெள்ளை வட்டம். முட்டையைச் சவ்வுக் காலால் மூடிக்கொண்டு எங்களை ஒரு தரம் பார்த்தது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“இன்னா பாப்பா, இவ்ளோ பேரு வந்தும் நவுராம குந்திக்கினு கீது?” என்றார் நைனா. ரெண்டு மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும், பறவை நம் பக்கம் வந்தால் நாம்தான் பின்னால் போக வேண்டும் என்றார் வழிகாட்டி. அந்தக் கால் நீலம் அது தின்னும் மீனிலிருந்து வருகிறதாம். ரெண்டு நாள் பட்டினி கிடந்தால் நிறம் மங்கிவிடும். தம்பி இதைத் தமிழில் சொன்னதும் நைனா, “அப்போ அது கால பாத்தாலே கடல்ல மீன் கீதா இல்லியான்னு தெரிஞ்சிடும்” என்றார். வழிகாட்டி அவர் தோளைத் தட்டி, ஆமாம் என்று தலையாட்டினார்.

அங்கே நில இகுவானாவும் உண்டு, மஞ்சள் கலந்த பெரிய ஓணான் இனம். 1930களில் பால்ட்ராவிலிருந்து கொண்டுவந்து இங்கே விட்டிருக்கிறார்கள். பிறகு பால்ட்ராவில் அந்த இனமே இல்லாமல் போய்விட்டது. இங்கே பிழைத்தவற்றின் குஞ்சுகளை வளர்த்து 1991 முதல் திரும்பவும் பால்ட்ராவில் விட்டார்கள். ஓர் ஊரில் அழிந்ததை இன்னோர் ஊரிலிருந்து மீட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்து எனக்கு மெய்சிலிர்த்தது.

ராத்திரி கப்பல் நகர்ந்தபோது விளக்கு வெளிச்சத்தில் கடல்காக்காக்கள் கூடவே பறந்து வந்தன. கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். இருட்டில்தான் இரை தேடுமாம், கடம்பா என்கிற கணவாய்தான் அதற்கு முக்கியமான தீனி. இத்தனை வருசத்தில் ராத்திரியில் இரை தேடும் கடல்காக்காவைப் பார்த்ததே இல்லை என்று நைனா படுக்கவே வரவில்லை.

எண்ணூரிலிருந்து:

அக்கா, பறவை நகராமல் உட்கார்ந்திருந்தது என்று படித்ததும் எனக்கு 2023 டிசம்பர்தான் ஞாபகம் வந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எங்கள் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்து நின்றன. நானும் மாமாவும் ஒன்றையாவது பிடித்துக் கழுவிவிடலாம் என்று படகில் போனோம். பறக்க முடியாத நிலையிலும் எங்களைப் பார்த்ததும் அலையாத்திச் செடிக்குள் ஓடிவிட்டது. அரை நாள் சுற்றியும் கிட்டே நெருங்க முடியவில்லை. அந்தப் பறவை நம்மிடம் பட்ட பாடு அப்படி.

என் அம்மாவுக்கு முட்டி வலி உண்டு. அந்தப் படகில் ஏற இறங்க முடியுமா அக்கா?

ராயபுரத்திலிருந்து:

தம்பி, நீ எழுதியதை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை.

அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப் போ. சில தீவுகளில் பாறையில் நேராகக் கால் வைக்கலாம், சிலதில் முட்டியளவு தண்ணீரில் இறங்க வேண்டும். எந்தத் தீவில் எப்படி என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள். மேடுபள்ளமாகக் கிடக்கும் பாறைகளில் நடக்க ஒரு கைத்தடி உதவும். தேசியப் பூங்காக் கட்டணம் 2024 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 200 டாலர், முன்பு 100 இருந்தது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.