அட்டை என்னிடமே இருக்கிறது, பணம் மட்டும் போய்விட்டது. அவசரம்

தேயிலைக்காரன்:
டெபிட் அட்டை சட்டைப்பையிலேயே இருக்கிறது. கணக்கிலிருந்து 20,000 ரூபாய் போய்விட்டது. தேயிலை விற்ற பணம் வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. ஓ.டி.பி. யாருக்கும் சொல்லவில்லை. என்ன செய்வது? கோத்தகிரி.

குன்னூர் அக்கா:
எப்படிப் போனது தம்பி? ஏ.டி.எம்.மா, கடையா, இணையமா? அட்டையை முடக்கினீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள், பிறகு இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். விவரத்தை அப்புறம் எழுதலாம்.

மலைரயில்:
காற்றிலேயே உருவியிருப்பார்கள். இப்போதைய அட்டையைக் கருவியில் நுழைக்கவே வேண்டாம், அருகில் காட்டினால் போதும். சீசன் நெரிசலில் ஊட்டி சேரிங்கிராஸில் ஒருவன் கருவியோடு உரசிக்கொண்டு நின்றால் தெரியுமா? நான் அட்டையை வெள்ளித்தாளில் சுற்றித்தான் வைத்திருக்கிறேன்.

பழைய காசாளர்:
வெள்ளித்தாளில் இட்லியைச் சுற்றுங்கள் ஐயா. பின் எண் (PIN) இல்லாமல் அப்படி ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரைதான் போகும். வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியைப் போடாமல் சந்தேகம் கேட்பவர்களுக்கு முப்பது வருடம் கவுண்டரில் பதில் சொல்லி அலுத்துவிட்டேன். இங்கேயுமா?

தேயிலைக்காரன்:
ஏ.டி.எம்.தான். மேட்டுப்பாளையம், திங்கள் இரவு, 10,000 வீதம் இரண்டு தடவை. நான் அன்று மலையை விட்டு இறங்கவே இல்லை. எங்கள் ஹட்டியில், அதாவது சிற்றூரில், சிக்னல் கிடையாது, செய்தி செவ்வாய்க் காலையில்தான் வந்தது.

மலைரயில்:
மூன்று நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் வரும். திங்களிலிருந்து எண்ணுங்கள், இன்றோடு முடிகிறது!

கெத்தை:
தவறு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி செய்தி கைக்கு வந்ததிலிருந்துதான் கணக்கு. வந்த நாளையும் சேர்க்கக் கூடாது, வேலை நாள்களை மட்டும் எண்ண வேண்டும்.

மலைரயில்:
செய்தி இன்னும் வரவில்லை என்று ஒருவன் ஒரு மாதம் கழித்துச் சொன்னால்? செல்பேசிக் கோபுரம் வைக்காத நிறுவனத்தின் தவறுக்கு வங்கி ஏன் அழ வேண்டும்?

கெத்தை:
மழை பெய்தால் மூன்று நாள் சிக்னல் போகும் ஊரில் நீங்கள் குடியிருந்து பாருங்கள், பிறகு வங்கிக்காக அழலாம்.

பழைய காசாளர்:
இருவரும் சுற்றறிக்கையை முழுதாகப் படியுங்கள். பின் எண்ணைத் தானே வெளியே விட்டவருக்கு இந்த மூன்று நாள் சலுகை கிடையாது. வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனதெல்லாம் அவர் தலையில். அதை நிரூபிக்க வேண்டியது மட்டும் வங்கி.

குன்னூர் அக்கா:
சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். தம்பி, கடைசியாக எங்கே பணம் எடுத்தீர்கள்? பக்கத்தில் யாராவது இருந்தார்களா?

தேயிலைக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை, பஸ் நிலையத்துக்கு அருகில். இயந்திரம் மக்கர் செய்தது, பின்னால் நின்ற பையன் அட்டையைத் துடைத்துப் போட்டுக் கொடுத்தான். நல்ல பையன். பின் எண்ணை நான்தான் அழுத்தினேன்.

குன்னூர் அக்கா:
அவன் பார்க்க அழுத்தினீர்கள். அட்டையை எடுத்து அதில் உள்ள பெயரை வாசியுங்கள்.

தேயிலைக்காரன்:
வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. அதே வங்கி, அதே நிறம். என் அட்டையை முடக்கிவிட்டேன். 8 மணி பஸ்ஸில் வங்கிக்குக் கிளம்புகிறேன்.

குன்னூர் அக்கா:
துடைக்கும் சாக்கில் அட்டையை மாற்றிவிட்டான். அந்த அட்டையையும் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தப் பெண்ணும் உங்களைப் போல ஏமாந்தவராக இருக்கலாம். காமிராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், புகார் எண் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

மலைரயில்:
வெள்ளித்தாள் சுற்றியிருந்தால் அவன் கொஞ்சம் தடுமாறியிருப்பான்.

தேயிலைக்காரன்:
புகார் எண் கொடுத்தார்கள். காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்தேன். கணக்கில் மீதி 6,200 தப்பியது. இலை பறிக்க ஆள் வந்திருக்கிறது, பிறகு வருகிறேன்.

கெத்தை:
வங்கி என்ன சொன்னது? பணம் தருவார்களா?