குப்பனூர் இறக்கத்தில் மட்டும் டியூப் வெடிக்கிறது

வணக்கம். ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாக இறங்கும்போது என் சைக்கிளின் பின் டியூப் திரும்பத் திரும்ப வெடிக்கிறது. ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை, சேலம் டவுனுக்குள்ளும் இல்லை.

அலுமினிய ஃபிரேம் ரோடு பைக், ரிம் பிரேக் (சக்கர வளையத்தையே கட்டை அழுத்திப் பிடிக்கும் வகை), 700×25 டயர். என் எடை 82 கிலோ. பொங்கலுக்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

கொட்டச்சேடு தாண்டிய இறக்கத்தில் பிரேக்கை விடவே முடியாது. நிறுத்தி ரிம்மைத் தொட்டால் விரல் சுடுகிறது. டயரில் முள்ளோ கண்ணாடியோ இல்லை. கழற்றிப் பார்த்தால் ஓட்டை டியூபின் உட்பக்கம், ஆரக்கம்பித் துளைக்கு நேராக இருக்கிறது. அங்கே துளைகளை மூடும் பிளாஸ்டிக் ரிம் டேப் இளகிக் குழி விழுந்திருக்கிறது.

வேறு கம்பெனி டியூப் போட்டேன். காற்றை 100லிருந்து 85 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்தேன். புது பிளாஸ்டிக் டேப்பும் ஒட்டியாயிற்று, அதுவும் இளகிவிட்டது. "விட்டு விட்டுப் பிடிங்க" என்றார் கடைக்காரர். அப்படித்தான் பிடிக்கிறேன், முன்னும் பின்னும் மாற்றி மாற்றி.

அடிவாரம் வழியாகப் போகும் மெயின் ரோட்டில் இறங்கச் சொல்லாதீர்கள், ப்ளீஸ். ஞாயிற்றுக்கிழமை அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் காருக்குப் பின்னால் கார். குப்பனூர் பக்கம் வண்டி குறைவு, காடும் காபித் தோட்டமும்தான். 1820களில் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்த புண்ணியம், இன்றைக்கும் நிழலில் ஓட்டுகிறோம்.

ரிம் பிரேக்கோடு அந்தப் பக்கம் இறங்குகிறவர்கள் சொல்லுங்கள்: துணி ரிம் டேப் இந்தச் சூட்டைத் தாங்குமா?