லூபஸ் மருந்தும் காய்ச்சலும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து என்றதும் முடி கொட்டுமா, முகம் ஊதுமா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதை முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

லூபஸ் (எதிர்ப்பு சக்தி நம் உடம்பையே தாக்கும் நோய்) என் சிறுநீரகத்தைப் பிடித்ததிலிருந்து எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட்டும், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும் சாப்பிடுகிறேன். ஒரு ராத்திரி உடம்பு தூக்கிப்போட்டது, காய்ச்சல் 102. லூபஸ் கிளம்பினாலும் காய்ச்சல்தான், கிருமி புகுந்தாலும் காய்ச்சல்தான். முதலாவது என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும். இரண்டாவது என்றால் அடக்கும் மருந்தைக் குறைக்கவோ நிறுத்திவைக்கவோ வேண்டியிருக்கும். மாற்றிச் செய்தால் எரிகிற கொள்ளியில் எண்ணெய்தான். மருத்துவர் ரத்தமும் சிறுநீரும் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்பிவிட்டு, ரத்தத்தில் சிஆர்பி (உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் புரதம்), சி3, சி4 (எதிர்ப்பு சக்தி பயன்படுத்தும் புரதங்கள்) பார்த்தார். லூபஸ் மட்டும் சீறும்போது சிஆர்பி பெரும்பாலும் அவ்வளவாக ஏறாது (நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தால் ஏறலாம்), சி3, சி4 இறங்கும். எனக்கு சிஆர்பி எகிறியிருந்தது, மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. சிறுநீர்த் தொற்று.

மைக்கோஃபினோலேட்டைத் தற்காலிகமாக நிறுத்தினார், ஸ்டீராய்டை நிறுத்தவில்லை. மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டவர்களுக்கு, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி சுணங்கிப் போயிருக்கும், திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. வாந்தியில் மாத்திரை தங்காததால் அதையே ஊசியாகப் போட்டார்கள். வீட்டில் யாராவது "ஸ்டீராய்டா? விட்டுத் தொலை" என்றால் இதைச் சொல்லுங்கள்.

*

காய்ச்சல் பற்றி எழுதியவருக்கு நன்றி. நானும் மைக்கோஃபினோலேட்டில்தான் இருந்தேன். ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கு படுத்தி எடுத்தது, அளவை மெல்ல ஏற்றிய பிறகு அடங்கியது. குழந்தை வேண்டும் என்று சொன்னதும் அசாதயோபிரின் என்ற வேறொரு அடக்கும் மருந்துக்கு மாற்றினார்கள். மைக்கோஃபினோலேட் கருவைப் பாதிக்கும், கருத்தரிப்பதற்குக் குறைந்தது 6 வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும். ஆனால் மாற்றின கையோடு சரி என்று சொல்லிவிடவில்லை. புது மருந்தில் நோய் அடங்கியே இருக்கிறதா, சிறுநீரில் புரோட்டீன் ஏறாமல் நிற்கிறதா என்று மாதக்கணக்கில் பார்த்தார்கள். உடம்பு நன்றாக இருக்கிறதே, இன்னும் என்ன டெஸ்ட் என்று எரிச்சலாக வந்தது. சிறுநீரகம் கெடும்போது வலிப்பதில்லை என்பதால் நம் சௌகரியத்தை அவர்கள் நம்புவதில்லை, அதுதான் விஷயம்.

அப்புறம், அசாதயோபிரின் சாப்பிடுகிறவர்கள் யூரிக் அமிலத்துக்கு அலோப்யூரினால் எழுதிக்கொடுத்தால் உடனே வாயைத் திறந்து சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

*

லூபஸுக்குக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் இந்த அடக்கும் மருந்துகளின் கணக்கில் சேர்த்துப் பயந்து விட்டுவிடுகிறார்கள். அது கிருமியை எதிர்க்கும் சக்தியை அந்த அளவுக்கு அடக்குவதில்லை. எனக்கு நிமோனியா வந்தபோது அசாதயோபிரினை நிறுத்தினார்கள், இதைத் தொடரச் சொன்னார்கள். இதில் கவனிக்க வேண்டியது கண். தொடங்கும்போது ஒரு பரிசோதனை, 5 வருடத்துக்குப் பிறகு வருடாவருடம். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு முன்கூட்டியே தொடங்குவார்கள்.

தடுப்பூசி பற்றி யாரும் எழுதவில்லையே? எனக்கு ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டார்கள். உயிருள்ள கிருமியை வைத்துச் செய்த தட்டம்மை, சின்னம்மை ஊசிகளை மட்டும் இந்த மருந்துகளோடு பொதுவாகப் போடுவதில்லை, அவை தேவைப்பட்டால் மருந்து தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.